பதினேழாம் பக்கத்தில் ஒரு போன் நம்பர்

"அந்த அறுநூத்திப் பன்னெண்டு ரிப்போர்ட்ல ஒண்ணுகூட நான் எழுதினது இல்ல மேடம். இன்னும் எத்தன வாட்டி சொல்றது?"

"கண்ணு உங்களுதுதானே ஜெயசீலன்?"

"கண்ணு என்னுது. எழுத்து அவங்களுது."

"எழுத்துக்கு இந்த ஃபாரத்துல கட்டமே இல்லையே. 'பார்வையிட்டவர்'னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல உங்க பேருதான் இருக்கு."

"அதுக்காக சுபாஷிணி பேருக்கு நேரா சைபர்னு வருமா? பத்தொம்போது வருஷ சர்வீஸு மேடம். நான் இந்த ஆபீசுக்கு வந்தப்ப ரிப்போர்ட்னா என்னன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவங்கதான்."

"நானா போட்டேன்? சிஸ்டம் போட்டுச்சு. சரி, நீங்க எதுக்கு இப்புடிக் குதிக்கிறீங்க? பிரமோஷன் லிஸ்ட்ல உங்க பேரு மொதல்ல இருக்கு. வேணாமா? வேணாம்னா சொல்லுங்க, அடிச்சிடுறேன்."

மேலதிகாரி ஹேமலதாவின் அறைக்கு வெளியே, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், கையில் டம்ளரோடு நின்றிருந்த சுபாஷிணி அந்தக் கேள்விக்கான பதிலுக்காகக் காத்திருந்தாள். டம்ளர் நிரம்பி விரல் நனைந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அப்புடி இல்ல மேடம்..." என்றார் ஜெயசீலன், குரல் இறங்கி.

அவ்வளவுதான். சுபாஷிணி தண்ணீரைக் குடிக்காமலேயே தன் இடத்துக்குத் திரும்பினாள்.

2041-ஆம் வருடம், திருச்சி. தொழிற்சாலை விபத்து விசாரணை மையத்தின் இரண்டாவது மாடி. சுபாஷிணிக்கு வயது நாற்பத்தாறு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் வேலை கேட்பது. துவாக்குடியிலும் மணப்பாறையிலும் கை போனவர்கள், கால் போனவர்கள், புருஷனை இழந்தவர்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அழுகையோடும் இருமலோடும் பேசிய அந்தப் பதிவை முழுவதும் கேட்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை, யார் பொறுப்பு என்று இருபது பக்கத்தில் அறிக்கை எழுத வேண்டும். அது மின்னஞ்சலில் இணைப்பாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அந்த அறிக்கை சரியாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கும். இல்லையென்றால் கிடைக்காது.

இணைப்பது என்பது அவளுக்கு ஒரு காலத்தில் ஐந்து விசை வேலையாக இருந்தது. ஸ்கிரீன் ரீடர் காதில் வாசித்துக்கொண்டே வரும். மற்றவர்களுக்கு வெட்டுக்கிளி கத்துவது போலக் கேட்கும் வேகத்தில் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரியும். டேப் விசையைத் தட்டினால், "ஃபைலை இணை, பட்டன்." என்டர். ஃபைல் பட்டியல் திறக்கும். பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் ஃபைல் வந்து நிற்கும். மறுபடி என்டர். அதோடு விடமாட்டாள். ஒரு தடவை பின்னால் போய், ஒட்டியிருக்கும் ஃபைலின் பெயரையும் அளவையும் காதால் கேட்டு உறுதி செய்த பிறகுதான் அனுப்புவாள். பார்வை உள்ளவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். கண்ணால் பார்த்துவிட்டதாக நம்பி, கல்யாணப் பத்திரிகையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியவர்கள் அந்த அலுவலகத்திலேயே மூன்று பேர் உண்டு. சுபாஷிணி பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறான ஃபைலை அனுப்பியதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் கண் முத்திரை வந்தது. வந்த அன்று ஜெயசீலன்தான் அவளுக்கு விளக்கினார். அவர் பக்கத்து மேஜை. அவளைவிட ஆறேழு வயது மூத்தவர். வாயில் எப்போதும் முறுக்கோ கடலை மிட்டாயோ இருக்கும்.

"மெஷினே எழுதி மெஷினே அனுப்புற பொய்யி ஃபைலு கோர்ட்டுக்கு ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல வருதாம்மா. எது நெசம், எது பொய்னு தெரியல. அதனால இனிமே ஒரு மனுஷக் கண்ணு ஒவ்வொரு வரியையும் பாத்தாத்தான் ஃபைலு மெயில்ல ஒட்டும். கண்ணு வரி வரியாப் போகுதான்னு கேமரா பாத்துக்கிட்டே இருக்கும்."

"காதால கேட்டா ஒட்டாதாண்ணே?"

"காது எங்க போகுதுன்னு கேமராவுக்கு எப்புடித் தெரியும்? அது அங்கயேதான இருக்கு!"

அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அவளும் முயன்று பார்த்தாள். இணைக்கும் இடத்தில் ஒரு புதிய ஜன்னல் திறந்தது. அதற்குள் போனால் ஸ்கிரீன் ரீடர், "பட்டன். பட்டன். பட்டன்" என்றது. மூன்றுக்கும் பெயர் இல்லை. செய்தவன் பெயர் வைக்க மறந்துவிட்டான். பெயர் இல்லாத கதவுகளில் எது சமையலறை, எது கிணறு என்று எப்படித் தெரியும்? ஒன்றை அழுத்தினாள். கேமரா திறந்தது. அவள் கண்மணிகள் அவள் சொல்பேச்சைக் கேட்காது, பிறந்ததிலிருந்து தம்பாட்டுக்கு அலையும். அதைப் பார்த்த இயந்திரம் முதல் தடவை "கவனக்குறைவு" என்றது. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை "ஏமாற்று முயற்சி" என்று எழுதி, ஒரு நாள் முழுக்க அவள் மின்னஞ்சலையே பூட்டிவிட்டது.

"விடும்மா, நான் ஒட்டிவிடுறேன். ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிவச்சிக்கிட்டு" என்றார் ஜெயசீலன். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று தொடங்கி அவள் எழுதியது எல்லாம் அவர் கண் வழியாகப் போனது. யார் கண் பட்டதோ அவர்தான் அனுப்பியவர் என்று சட்டம் சொன்னது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை அவளுக்கு அந்த நோட்டீஸ் வந்தது. "கடந்த நான்கு ஆண்டுகளில் தங்களால் அனுப்பப்பட்ட அறிக்கைகள்: பூஜ்யம். தங்கள் பணியிடம் தேவையற்றதாகக் கருதப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் ஐந்து நாட்களுக்குள் மனுவை மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பவும்." ஸ்கிரீன் ரீடர் இதையும் மற்ற எல்லாவற்றையும் போலவே அதே குரலில், அதே வேகத்தில் வாசித்து முடித்தது.

தன் இடத்தில் உட்கார்ந்ததும் அவள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

"வணக்கம்மா, சொல்லுங்க."

"எனக்குப் பார்வை கிடையாது. கண் முத்திரை இல்லாம ஒரு மனுவ இணைக்கணும். எப்படி இணைக்கிறது?"

"பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா போன அவங்ககிட்ட குடுங்கம்மா."

"மனு என்னுது. நான்தான் பேசுவேன்."

"இல்லம்மா, திரையில என்ன தெரியுதுன்னு சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

"மூணு பட்டன் இருக்கு. மூணுக்கும் பேரு இல்ல. முதல்ல அதுக்குப் பேரு வைங்க."

"அது புகாராக் குடுக்கணும்மா."

"குடுக்கிறேன். எப்படி?"

"புகாரை ஒரு ஃபைலாப் போட்டு மெயில்ல இணைச்சு..." அந்தப் பெண் பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது அவளுக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் சுபாஷிணி. "கதவு தெறக்கலன்னு சொல்றதுக்கு உள்ள வந்துதான் சொல்லணுமா?"

"அம்மா, நான் எழுதி வச்சிருக்கிறதப் படிக்கிறவ. என்கிட்ட கோவப்பட்டு என்ன ஆகப்போகுது?"

அது நியாயம்தான். சுபாஷிணி மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள்: "மெயிலுக்குள்ளயே எல்லாத்தையும் எழுதி அனுப்பலாமா? இணைப்பே இல்லாம?"

"தாராளமா அனுப்பலாம்மா. அதுக்கு முத்திரை வேணாம். ஆனா அது சும்மா பேச்சுன்னுதான் கணக்கு. மனுவா எடுத்துக்க மாட்டாங்க."

மூன்று நாள் அவள் மனுவை எழுதினாள். இருபத்தேழு பக்கம். தான் கேட்ட பதிவுகளின் தேதி, ஒவ்வொன்றிலும் தான் கண்டுபிடித்தது என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதெல்லாம் அதில் இருந்தது. பதினேழாம் பக்கத்தின் நடுவில், இரண்டு விபத்துகளைப் பற்றிய பத்திகளுக்கு இடையே, இப்படி எழுதினாள்:

"இந்த வரியை வாசிப்பவர் யாராக இருந்தாலும், வாசித்த உடனே கீழே உள்ள என் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம். ஒரு மணி அடித்தால் போதும். இந்த மனுவை ஒரு மனிதர் வாசித்தார் என்று நான் தெரிந்துகொள்வேன்."

நாலாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயசீலனைக் கூப்பிட்டாள். அறைக்குள் நடந்த சண்டையைத் தான் கேட்டதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

"அண்ணே, என் மனுவுக்குக் கண்ணு வேணும்."

"அதுக்கென்னம்மா, இந்தா வந்துட்டேன். என் கண்ணு எட்டாம் கிளாஸ்லயே படிக்கிறத நிறுத்திருச்சு, ஆனா பாக்கச் சொன்னா நல்லாப் பாக்கும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. சுபாஷிணி தன் போனை மேஜை மேல் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. கண்ணை ஓட்டுவது என்பார்கள். வரியின் இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குக் கண்மணியைத் தள்ளுவது, பிறகு அடுத்த வரி, பிறகு அடுத்தது. பக்கத்துக்குப் பத்து விநாடி. கேமராவுக்கு அது போதும். மனசு வீட்டுக்குப் போய் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துவிட்டு வரலாம். நாலு வருடத்தில் ஜெயசீலன் இதில் கெட்டிக்காரர் ஆகியிருந்தார். கடைசியாக எப்போது ஒரு வரியை அர்த்தத்தோடு படித்தார் என்பது அவருக்கே தெரியாது. அவர் கண்ணுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை சொட்டு மருந்து வேறு விட வேண்டியிருந்தது.

நாலரை நிமிடத்தில் கணினி கிணுங்கியது.

"முடிஞ்சுதும்மா. ஒட்டிருச்சு. அனுப்பிறவா?"

போன் அடிக்கவில்லை.

"இருங்கண்ணே. அதுல என்ன எழுதியிருக்கேன்?"

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. உருக்கமா இருந்துச்சு."

"பதினேழாம் பக்கத்துல?"

"பதினேழுல... அதான், விபத்து பத்தி."

"நாலாம் பக்கத்துல உங்களப் பத்தி எழுதியிருக்கேனே, அது பரவாயில்லையா?"

முறுக்குச் சத்தம் நின்றது.

சுபாஷிணி ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். வேகத்தைக் குறைத்து, நாலாம் பக்கத்துக்குப் போய், ஸ்கிரீன் ரீடரை வெளியே வாசிக்கவிட்டாள். அந்த உணர்ச்சியில்லாத குரல் அறை முழுக்கக் கேட்டது: "இந்த 612 அறிக்கைகளுக்கும் முத்திரையிட்ட கண், இவற்றில் ஒன்றைக்கூட வாசித்ததில்லை. வாசிக்காமல் முத்திரையிடுவது சட்டப்படி குற்றம் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்."

"அடிப்பாவி" என்றார் ஜெயசீலன். "என்னைக் கொண்டுபோய் உள்ள வைக்கிறதுக்கு என் கண்ணையே கேக்குறியா? நாலு வருஷம் ஓசியில ஒட்டிக்குடுத்தேன். அதுக்கு இதுதான் மரியாதையா?"

"ஓசியிலயா? என் வேலைய உங்க பேர்ல ஏத்திக்கிட்டது ஓசியா?"

"நானா ஏத்தினேன்?"

"ஹேமலதா மேடம் பிரமோஷன் வேணாமான்னு கேட்டப்ப உங்க வாயில என்ன இருந்துச்சுண்ணே, முறுக்கா?"

வெளியே யாரோ டிபன் பாக்ஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாம இதை அனுப்பியிருக்க முடியும்" என்றாள் அவள். "ஒரு பட்டன் தட்டினாப் போதும். ஆனா கண்ணு இருக்கிறவங்க எனக்குச் செஞ்சத நான் உங்களுக்குச் செய்யமாட்டேன். படிங்க. இப்பவாச்சும் படிங்க. படிச்சிட்டு, அனுப்பலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

பிறகு நாற்காலி முன்னால் நகர்ந்தது.

இந்தத் தடவை அவர் வாசித்தார். உதடு அசைந்து, மூச்சுக்குள் முணுமுணுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஒன்பதாம் பக்கத்தில் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"அந்த துவாக்குடி பிரஸ் மெஷின் கேசு..."

"ஆமா. அலமேலுங்கிற பொண்ணு. நாலு விரல் போச்சு. அது அசால்ட்டா கைய விட்டுச்சுன்னு கம்பெனிக்காரன் சொன்னான். அந்தப் பொண்ணு அதே ஷெட்டுல இருந்து போன் பண்ணியிருந்துச்சு. பின்னாடி மெஷின் ஓடுற சத்தம் கேட்டுது. ஒவ்வொரு தடவை எறங்கறதுக்கு முன்னாடியும் பஸ்ஸர் அடிக்கணும், சட்டம் அப்படி. மூணு மணி நேரப் பதிவுல ஒரு தடவைகூட அடிக்கல. அதை நான் எண்ணி எண்ணி எழுதினேன்."

"இதுக்குத்தாம்மா எனக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. 'கூர்ந்த பார்வை'ன்னு எழுதி." அவர் தொண்டையைச் செருமினார். "ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். என்ன கேசுன்னுகூடத் தெரியாம மாட்டியிருக்கேன்."

அந்த நேரத்தில் கணினி கிணுங்கியது. சந்தோஷக் கிணுங்கல் இல்லை. ஜெயசீலன் திரையில் வந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினார்: "கவனக்குறைவு. கண் ஒரே இடத்தில் நிற்கிறது. பார்வையிடல் ரத்து செய்யப்படுகிறது."

"பாத்தியா! ஓட்டினா பாஸு. நெசமாப் படிச்சா ஃபெயிலு!" என்று மேஜையைத் தட்டினார் அவர். "எவன்டா இந்தச் சனியனைச் செஞ்சான்?"

பதினேழாம் பக்கத்துக்கு அவர் வந்தபோது சுபாஷிணியின் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை. எடுக்கத் தேவை இருக்கவில்லை.

"பதினெட்டுல எடம் இருக்காம்மா?" என்று கேட்டார். "நான் சொல்றேன், டைப் பண்ணு. 'ஜெயசீலனாகிய நான், 612 அறிக்கைகளையும் வாசிக்காமல் முத்திரையிட்டேன். எழுதியவர் சுபாஷிணி. எனக்குக் கிடைத்த பாராட்டும் அவருடையது.' எம் பேரு, பணி எண்ணு எல்லாம் போட்டுரு."

"அண்ணே, வேலை போயிரும்."

"போகட்டும். ஹால்ல மாட்டினத கழட்டணும்ல."

முத்திரை விழ வேண்டுமே. அதனால் வாசித்து முடித்த அந்த மனுவின் மேல் அவர் மறுபடி கண்ணை ஓட்டினார். நாலரை நிமிடம். ஒட்டியது. சுபாஷிணி பின்னால் போய் ஃபைலின் பெயரையும் அளவையும் காதால் கேட்டாள். பிறகு அனுப்பினாள்.

அதன் பிறகு தினமும் காலையில் ஜெயசீலன் பயந்துகொண்டேதான் அலுவலகம் வந்தார். குற்றத்தை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மெமோ வரும், சஸ்பெண்ட் ஆர்டர் வரும். வீட்டில் சொல்லிவிட்டாராம். பெண்டாட்டி இரண்டு நாள் பேசவில்லையாம். சுபாஷிணி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மனுவைப் பார்வையிடும் சென்னைக் குழுவில் மூன்று உறுப்பினர்கள். போன் மூன்று தடவையாவது அடிக்க வேண்டும். குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள்.

அடிக்கவில்லை.

பதினோராவது நாள் காலையில் அவளுக்குப் பதில் வந்தது. "தங்கள் மனு மூன்று உறுப்பினர்களால் முழுமையாகப் பார்வையிடப்பட்டது. தகுதியின்மையால் நிராகரிக்கப்படுகிறது. மாத இறுதியோடு தங்கள் பணி முடிவடையும்."

அன்று மதியம் ஹேமலதா மேடம் லட்டு டப்பாவோடு வந்தார். "ஜெயசீலன், வாழ்த்துக்கள்! ஆர்டர் வந்திருச்சு. '612 அறிக்கைகளை நுணுக்கமாகப் பார்வையிட்டமைக்காக'ன்னு போட்டிருக்காங்க. எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க."

"மேடம்" என்றார் ஜெயசீலன். "அந்த மனுவுல பதினெட்டாம் பக்கத்துல நான் என்னை எழுதிக் குடுத்திருக்கேன். யாரும் படிக்கலையா?"

"மூணு பேரு முத்திரை இருக்கே. படிக்காம எப்புடி முத்திரை விழும்?"

"அதைத்தான் கேக்குறேன் மேடம்!"

மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். லட்டு டப்பா மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "ஒடம்பு சரியில்லன்னா லீவு போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். ஜெயசீலன் அன்றைக்கே பதவி உயர்வு வேண்டாம் என்று கடிதம் எழுதினார். அதையும் ஃபைலாக இணைத்து, கண்ணை ஓட்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு வந்த பதில்: "தங்கள் கடிதம் முழுமையாகப் பார்வையிடப்பட்டது. தங்கள் நன்றிக்கு நன்றி."

மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது, சுபாஷிணி மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருக்கையில் போன் அடித்தது. ஒரே ஒரு தடவை. நின்றது. தெரியாத எண். அவள் கை நின்றுவிட்டது. உடனே திரும்பக் கூப்பிட்டாள்.

"பேச வேண்டாம்னு எழுதியிருந்தீங்களே" என்றது ஓர் ஆண் குரல், தெற்கே நாசரேத்துப் பக்கத்துப் பேச்சு. "பேசலாமா?"

"நீங்க உறுப்பினரா சார்?"

"நானா? நல்லா கேட்டீங்க போங்க. எம் பேரு செல்வின். முடிஞ்சுபோன மனுவ எல்லாம் சேமிப்புல ஏத்துத வேலை எனக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி சுருக்கம் எழுதணும். அதுக்கு முழுசா தெரியணும்லா? உங்க இருபத்தேழு பக்கத்தையும் நேத்தும் இன்னைக்குமா கேட்டு முடிச்சேன்."

"கேட்டு முடிச்சீங்களா?"

"ஆமா. ஸ்கிரீன் ரீடர்லதான். எனக்கும் பார்வை கிடையாதுங்க."

சுபாஷிணி நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"அந்த மூணு பேரு பாத்த நேரமும் இங்க பதிவுல இருக்கு" என்றான் செல்வின். "மூணு பேருமே நாலரை நிமிசம். ஒருத்தர் கேமராவோட மைக்க அணைக்க மறந்துட்டாரு. கண்ணு உங்க மனு மேல ஓடிக்கிட்டு இருக்கு, வாயி யாருகிட்டயோ மாடிக்கு டைல்ஸ் என்ன கலருன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. பதினேழாம் பக்கத்துல அவரு 'சந்தனக் கலரே போடுங்க'ங்காரு."

"நீங்க படிச்சீங்கன்னு சாட்சி சொல்வீங்களா?"

"சொல்லுவேன். ஆனா நான் படிச்சேன்னு யாரு ஒத்துக்கிடுவா? என் கண்ணு எதையும் பாக்கலையே. எனக்கும் நேத்து நோட்டீஸ் வந்துட்டு. நாலு வருசத்துல நான் அனுப்புன சுருக்கம் பூஜ்யமாம்."

பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வெறுத்துப்போனவர்களின் சிரிப்பு அது. அந்த மனு மேல் நாலு பேர் கண் பட்டும், தானாக வந்து மணியடித்தது முத்திரைக்கு வெளியே நின்ற ஒரு காதுதான். ஜெயசீலனுக்குக்கூட அவள் நாலாம் பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"இணைப்புன்னா கண்ணு கேப்பான்" என்றாள் சுபாஷிணி மெதுவாக. "மெயிலுக்குள்ள எழுதினா கேக்கமாட்டான். அது சும்மா பேச்சாம்."

"அப்ப பேசுவோம்ங்கேன். சும்மா பேசுததுக்கு யாருகிட்ட கேக்கணும்?"

அன்று மாலையே அவள் எழுதத் தொடங்கினாள். மனுவாக இல்லை. நடந்ததை, நடந்தபடியே, இணைப்பு எதுவும் இல்லாமல். ஜெயசீலன் தனக்குத் தெரிந்த எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியையும் வாசித்துச் சொன்னார், செல்வின் தன்னைப் போல நோட்டீஸ் வாங்கியவர்களின் முகவரிகளைச் சொன்னான். அந்தக் கடிதம் இப்படி முடிந்தது:

"இதில் ஃபைல் எதுவும் ஒட்டவில்லை. தேடாதீர்கள். சொல்ல வேண்டியது எல்லாம் இங்கேயே இருக்கிறது. நான் எழுதிய 612 அறிக்கைகள் இன்னொருவர் பெயரில் இருக்கின்றன. அவரே அது தப்பு என்று கத்துகிறார். அதையும் கேட்க ஆள் இல்லை. இந்த மாதக் கடைசியில் என் வேலை போகிறது. எனக்குக் கண் இல்லாதது இதற்குக் காரணம் இல்லை. வாசிப்பதற்கும் கண்ணை ஓட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெட்டியை நம்பியதுதான் காரணம்.

நீங்கள் இதைக் கண்ணால் வாசித்தீர்களா, காதால் கேட்டீர்களா என்று நான் கேட்கமாட்டேன். இதுவரை வந்துவிட்டீர்கள், எனக்கு அது போதும். ஆனால் நீங்கள் வந்தது எனக்குத் தெரிய வேண்டும். அதனால் மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். 'வாசித்தேன்' என்று ஒரே ஒரு சொல் பதில் போடுங்கள். உங்கள் அலுவலகத்தில் பெயர் இல்லாத பட்டனுக்கு முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு அவர்கள் பெயரையும் எழுதுங்கள். உங்கள் கண்ணும் யாருடைய வேலைக்காவது முத்திரை போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று வைக்காதீர்கள். இப்போதே பதில் எழுதுங்கள்."